காயாத களிமண்

"செத்து ஆறு மாசம் ஆகுது. இன்னும் தவறாம வேலைக்கு வர்றாங்க. லீவு கேட்கிறதில்ல, சங்கம் வைக்கிறதில்ல. இப்படி ஒரு ஆள் கிடைச்சிருந்தா எங்க டிப்போ மேனேஜர் துள்ளிக் குதிச்சிருப்பாரு" என்றார் கண்டக்டர், காரை மதிலோரம் நிறுத்தியபடி.

"மாமா, உள்ள போய் இதையெல்லாம் எடுத்து விடாதீங்க. அந்தப் பொண்ணு அம்மாவைப் பறிகொடுத்தவ" என்றாள் மருமகள்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா? வாயைத் தைச்சுக்கிறேன்."

அந்தத் தையல் இரண்டு நிமிடம் கூடத் தாங்காது என்பது மருமகளுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்த வாய் அது. ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் உட்கார முடியாமல் தவித்தவரை, துப்பறியும் தொழில் நடத்தும் மருமகள்தான் உதவிக்கு வைத்துக்கொண்டாள். கார் ஓட்டுவது, போன் எடுப்பது, பொய் சொல்பவன் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடிப்பது, எல்லாம் அவர் இலாகா. டிக்கெட் வாங்காமல் வாங்கிவிட்டேன் என்று சாதித்த எத்தனை ஆயிரம் முகங்களைப் பார்த்தவர்! மகன் சம்பாதிக்கிறான், மருமகள் கண்டுபிடிக்கிறாள், நான் வேடிக்கை பார்க்கிறேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். மருந்துக்கடை வைத்திருக்கிறாள். தூங்கிப் பல நாள் ஆனது கண்ணைச் சுற்றியே தெரிந்தது. அவளுடைய அம்மாதான் இந்த ஊரே 'டீச்சர்' என்று அழைத்த சிற்பி. கலைக் கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் பாடம் எடுத்தவர். நூலக வாசலில் நிற்கும் கருங்கல் பெண், ரயில் நிலையத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் கிழவர், எல்லாம் டீச்சர் கைவேலை. பத்து வருடத்துக்கு முன் திடீரென்று பெரிய சிலைகளை விட்டுவிட்டு மனிதத் தலைகளாகச் செய்ய ஆரம்பித்தார். ஒன்பது தலைகள். உலகம் முழுக்கப் பேர் வாங்கித் தந்தவை அவைதான். பத்தாவதாகத் தன் தலையையே செய்யத் தொடங்கியபோதுதான், ஒரு காலை நேரத்தில், பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

கூடத்தில் சாய்வு நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி.

"பாப்பா, அவ எங்க?" என்று கேட்டார்.

"பட்டறையில வேலையா இருக்காங்கப்பா" என்றாள் மகள், குரலில் ஒரு பிசிறில்லாமல்.

"ஓ, சரி சரி. தொந்தரவு பண்ணாதே" என்று அவர் தலையாட்டிக்கொண்டார்.

மகள் இவர்களைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு ரெண்டு வருஷமாவே ஞாபகம் போயிட்டிருக்கு. அம்மா போனதைச் சொன்னா தாங்கமாட்டார்னு நான்தான் இப்படிச் சொல்லி வெச்சிருக்கேன். தினமும் கேட்பார். தினமும் இதே பதில்தான்."

கண்டக்டர் அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சட்டைப் பொத்தான் ஒன்றுக்கு ஒன்று மாறி, காலர் ஒரு பக்கம் ஏறி நின்றது. கால்சட்டையில் இரண்டு முழங்காலிலும் வெள்ளைத் திட்டு. ஆனால் கைகள் இரண்டும் அப்போதுதான் கழுவினாற்போல் பளிச்சென்று இருந்தன.

"அது என்ன வெள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பவுடர். அளவு தெரியாம அள்ளிக் கொட்டிக்கிறார். நான் கடைக்குப் போற வரைக்கும் நல்லாத்தான் இருப்பார். திரும்பி வந்து பார்த்தா இந்தக் கோலம்."

நமக்கும் ஒருநாள் இப்படித்தானோ என்று கண்டக்டருக்குத் தோன்றியது. தன் சட்டைப் பொத்தான்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

பட்டறை கொல்லைப்புறத்தில் இருந்தது. பூட்டின்மேல் காகிதம் ஒட்டி மகள் தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள். காலையில் ஒட்டியதாம். கிழியவில்லை. ஜன்னல்களில் கை கூட நுழையாத கம்பி. சாவி ஒன்றுதான், அதுவும் அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. திறப்பதற்கு முன் அவள் செருப்பைக் கழற்றினாள்.

"சாமி அறையா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல. அம்மா வேலை செய்யறப்ப செருப்புச் சத்தம் கேட்டா பிடிக்காது."

செய்யறப்ப என்றாளே தவிர, செஞ்சப்ப என்று சொல்லவில்லை. கண்டக்டரும் பேசாமல் தன் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே ஈர மண் வாசனை. சுவர் முழுக்கக் கத்திகள், மரச் சீவுளிகள், களிமண்ணை அறுக்கும் மெல்லிய கம்பிகள். நடுவே சுழலும் மேடையில் ஏதோ ஒன்று, ஈரச் சாக்கு சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி நின்றது. கண்டக்டர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். விரலில் தண்ணீர் ஒட்டியது.

"களிமண்ணுக்குத் தண்ணி தெளிக்கலேன்னா ரெண்டே நாள்ல வெடிச்சுப் பாளம் பாளமாயிடும்" என்றாள் மகள். "நான் தெளிக்கல. சத்தியமா நான் தொடவே இல்ல. அம்மா போன அன்னிக்கு இதுல ஒரு உருண்டையும் மூக்கும்தான் இருந்துச்சு. மனசு கேட்காம அப்படியே பூட்டினேன். ஒரு மாசம் கழிச்சுத் திறந்து பார்த்தா நெற்றி வந்திருக்கு. அப்புறம் கண்ணு. போன மாசம் வாய். தினமும் கடையிலேர்ந்து வந்ததும் இங்க வந்து நிக்கிறேன். இதுகூடப் பேசறேன் மேடம். இன்னிக்கு யார் வந்தாங்க, என்ன சமைச்சேன், எல்லாம் சொல்றேன். பைத்தியம்னு நினைக்காதீங்க."

அவள் சாக்கை விலக்கினாள்.

கண்டக்டர் ஓரடி பின்னால் போனார். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியவள்போல், நேராக அவரையே பார்த்தாள். உதட்டோரத்தில் இன்னும் விரல் ரேகை ஈரமாக இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் கடைசி பஸ்ஸில் தனியாக எத்தனையோ இருட்டு ரோடு பார்த்தவர், பட்டப்பகலில் அந்த முகத்துக்கு எதிரே நிற்க முடியாமல் மருமகள் பக்கம் நகர்ந்தார்.

"நாலு மணிக்கு மியூசியம் வண்டி வருது" என்றாள் மகள். "வாழ்நாள் கண்காட்சி வைக்கிறாங்க. இதுதான் கடைசிப் படைப்புன்னு வெண்கலத்துல வார்த்து நடுக்கூடத்துல வைக்கப்போறாங்க. 'இது முழுக்க என் தாயார் கையால் செய்தது' அப்படின்னு நான் கையெழுத்துப் போட்டுத் தரணும். போட்டுட்டு அது பொய்யாயிட்டா அம்மா பேரே நாறிப்போயிடும். போடாம விட்டா, உள்ள உட்கார்ந்து செஞ்சவங்க உண்மையிலேயே அம்மாவா இருந்துட்டா..." விலக்கிய சாக்கை மடித்துப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வேற எதுவும் வேணாம். இது எங்கம்மாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

மணி இரண்டரை.

மருமகள் மேடையை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "முகம் சரியா வந்திருக்கா?"

"அச்சு அசலா எங்கம்மா மேடம்."

சுவரில் டீச்சரின் புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. கண்டக்டர் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். டிக்கெட் நம்பர் பார்த்துப் பழகிய கண். "அம்மா, ஒரு சந்தேகம். போட்டோவில மச்சம் இடது கன்னத்துல இருக்கு. இதுல வலது கன்னத்துல இருக்கே?"

மகள் புகைப்படத்துக்கு அருகே போய்ப் பார்த்தாள். ஐந்து மாதமாக தினமும் பார்த்த முகம். அவள் கண் அம்மாவைத்தான் தேடியது, மச்சத்தைத் தேடவில்லை.

"வகிடு கூட எதிர்ப்பக்கம் இருக்கு" என்றாள் மருமகள். "எல்லாமே இடம் வலம் மாறியிருக்கு. இப்படி ஒரு முகத்தை யார் பார்த்திருப்பாங்க? நாம யாரும் இல்ல. நாம பார்த்தா மச்சம் சரியான பக்கம்தான் தெரியும்."

"கண்ணாடி" என்றார் கண்டக்டர்.

"ஆமா. கண்ணாடியில தன்னைத் தானே பார்த்துச் செஞ்சா இப்படித்தான் வரும்."

அதைச் சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று மூவருக்கும் உறைத்தது. டீச்சரின் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக்கூடியவர் உலகத்தில் ஒருத்தர்தான். ஜன்னல் பக்கம் ஆளுயரக் கண்ணாடி ஒன்று சாய்ந்திருந்தது. அதில் அந்த ஈரத் தலையும், அதன் பின்னால் தன்னுடைய வெளுத்த முகமும் தெரிவதைக் கண்டக்டர் பார்த்தார்.

"அப்போ அம்மாதான்" என்றாள் மகள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத குரல். "அம்மாதான் வர்றாங்க. எனக்குத் தெரியும்."

"அவசரப்படாதீங்க" என்றாள் மருமகள். "அம்மா செஞ்ச மத்த தலைங்களோட படம் இருக்கா?"

பட்டறையைப் பூட்டிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார்கள். சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. அப்பா கொல்லையில் செடிக்குத் தண்ணீர் விடப் போயிருப்பார் என்று மகள் சொல்லிக்கொண்டே கண்காட்சிப் புத்தகத்தை எடுத்து வந்தாள். கனமான வழவழ தாள். ஒன்பது தலைகளுக்கும் ஒன்பது பக்கம்.

முதல் பக்கத்திலேயே கண்டக்டர் துள்ளினார். "அட, நம்ம குத்துச்சண்டைக்காரர்! இருபது வருஷம் என் பஸ்ல வந்தவர். அவரு பிரபலம் ஆகறதுக்கு முன்னாடி பாஸ் புதுப்பிக்காம எத்தனை தடவை மாட்டியிருக்கார் தெரியுமா? ஒரு சண்டையில அவருக்கு இடது காது கிழிஞ்சு..." அவர் நிறுத்தினார். "இதுல வலது காது கிழிஞ்சிருக்கு."

"நல்லா ஞாபகம் இருக்கா மாமா?"

"டிக்கெட் கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்குவாரும்மா. அந்தக் காதைத்தான் தினமும் பார்த்தேன். அச்சாபீஸ்காரன் படத்தைத் திருப்பிப் போட்டுட்டானோ?"

மருமகள் படத்தின் அடியில் விரல் வைத்தாள். தலையின் பீடத்தில் டீச்சர் பெயர் செதுக்கியிருந்தது. எழுத்து நேராகத்தான் இருந்தது. படம் திரும்பவில்லை, தலைதான் திரும்பியிருந்தது. எதிர்ப் பக்கத்தில் விமர்சகர் ஒருவர் விழுந்து விழுந்து எழுதியிருந்தார். 'இந்தக் காலகட்டத்தில் டீச்சர் மனிதர்களை இடம் வலம் மாற்றிச் செய்கிறார். மனிதன் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்கிறானோ அப்படியே அவனைக் காட்டுகிறார். பெரும் ஞானம் இது.'

"ஒன்பதும் அப்படித்தான்" என்றாள் மகள். "அம்மாவோட பிற்கால பாணின்னு சொல்வாங்க."

"பாணியா?" மருமகள் புத்தகத்தை மூடினாள். "தன் முகத்தைக் கண்ணாடியில பார்த்துச் செய்யலாம். குத்துச்சண்டைக்காரரை எதிர்ல உட்கார வெச்சுக்கிட்டு யாராவது கண்ணாடியில பார்ப்பாங்களா?"

"அவரை நேர்லயே பார்க்கப் பயமா இருக்கும்" என்றார் கண்டக்டர். "அது வேற விஷயம்."

"அப்போ கண்ணாடி இல்ல. முகத்தை இடம் வலம் மாத்திக் காட்டற பொருள் இன்னொண்ணு இருக்கு. நீங்களே சொன்னீங்களே, அச்சு அசல்னு. அசல் இல்லம்மா, அச்சு! முகத்துமேல பிளாஸ்டர் சாந்து ஊத்தி எடுக்கற அச்சு. அதோட குழிக்குள்ள பார்த்தா இடது கன்னம் வலது கன்னமாத் தெரியும். இந்த வீட்டுல அச்சு எடுக்கறது யாரு?"

"அப்பாதான்" என்றாள் மகள். "நாற்பது வருஷமா அம்மாவுக்கு அச்சுக்காரர். அம்மா செய்வாங்க, அப்பா அச்சு எடுத்து ஊத்துவார். அவ்வளவுதான் அவர் வேலை. மேடம், அவரால சட்டைப் பொத்தான் கூடப் போட முடியல. பட்டறைச் சாவியும் என்கிட்டதான் இருக்கு."

"பொத்தான் போட முடியாத ஆளு, நகக்கண்ணு வரைக்கும் தேய்ச்சுக் கழுவியிருக்காரே, அது எப்படி?" என்றார் கண்டக்டர். "அப்புறம் இன்னொண்ணு. எனக்கும் வயசாச்சு, நானும் பவுடர் போடறவன். முழங்காலுக்கு யாரும் பவுடர் போடறதில்லம்மா."

அச்சு அறை பட்டறையை ஒட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பூட்டில்லை. யாரும் போவதில்லை என்பதால் பூட்டத் தோன்றவில்லை என்றாள் மகள். தரையெங்கும் சாந்துப் பொடி வெள்ளையாகப் படிந்திருந்தது. நாலு சுவரிலும் மர அடுக்கு. அடுக்கு முழுக்க முகங்கள்.

கண்டக்டர் இரண்டடி வைத்ததும் நின்றார். "மருமகளே, இதுங்க திரும்புதும்மா."

"என்ன திரும்புது?"

"முகம்! நான் இப்படிப் போனா இப்படிப் பார்க்குது. அப்படிப் போனா அப்படிப் பார்க்குது."

அவர் சொன்னது உண்மை. அவர் நகர நகர, அடுக்கிலிருந்த ஐம்பது அறுபது வெள்ளை முகங்களும் கூடவே தலையைத் திருப்பின. பஸ் நிறைய உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் விடாமல் அவரையே முறைப்பதுபோல் இருந்தது. ஆனாலும் மனிதர் விடவில்லை. கிட்டத்தில் போய், எடுப்பாக நின்ற ஒரு மூக்கைத் தொட விரலை நீட்டினார். விரல் மூக்கில் முட்டாமல் உள்ளே போயிற்று. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்.

"குழி!" என்றார். "எல்லாம் உள்பக்கம். ஆனா கண்ணுக்கு மேடாத் தெரியுது."

"அதான் மாமா. குழியைப் பார்த்தாலும் மனசு முகமாத்தான் பார்க்கும். நாற்பது வருஷம் இதையே பார்த்தவருக்கு முகம்னா இதுதான்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், சற்று முன் அவர்களே பூட்டிவிட்டு வந்த அறைக்குள், யாரோ தண்ணீர் தெளித்தார்கள். ஸ்ஸ், ஸ்ஸ் என்று இரண்டு முறை. பிறகு சுழல் மேடை கிறீச்சென்று நகர்ந்தது.

"அம்மா" என்றாள் மகள். அவள் கூப்பிட்ட விதத்தில் கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை கூப்பிடுவதுபோல் அத்தனை நம்பிக்கையோடு கூப்பிட்டாள்.

மருமகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் அடுக்கியிருந்த சாந்து மூட்டைகளைக் காட்டினாள். நடுவில் இரண்டு மூட்டை விலகியிருந்தது. அதன் பின்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு சதுரத் திறப்பு. பட்டறையிலிருந்து அச்சு அறைக்குச் சிலையைத் தள்ளிக் கொடுப்பதற்காக வீடு கட்டும்போதே வைத்தது. ஒரு மார்புச் சிலை நுழையும் அளவு. ஒல்லியான ஆள் முழங்காலில் தவழ்ந்தால் அவரும் நுழையலாம்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

பொத்தான் மாறிய சட்டையோடு பெரியவர் மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு வெள்ளைக் குழி முகம், டீச்சருடையது. அதைப் பார்ப்பார், கட்டைவிரலால் உதட்டோரம் ஒரு தேய்ப்பு. மறுபடி பார்ப்பார். கை நடுங்கவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் இவர்தானா என்று கண்டக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மகள் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். "அப்பா, நீங்களா? நீங்களாப்பா செஞ்சீங்க?"

"வா பாப்பா. செருப்பைக் கழட்டிட்டு வா" என்றார் அவர், திரும்பாமலே.

"இது எப்பலேர்ந்து?"

"உங்கம்மாவுக்குக் கை நடுக்கம் வந்ததிலேர்ந்து. உனக்குத் தெரியாதா? காபி டம்ளரே பிடிக்க முடியல அவளால, உன் எதிர்ல தொடவே மாட்டா. வெளியில சொல்லக்கூடாதுன்னுட்டா. டீச்சருக்கே கை நிக்கலேன்னா பிள்ளைங்க என்ன நினைக்கும்னு அவளுக்கு. ரோஷக்காரி. அவ பக்கத்துல உட்கார்ந்து சொல்லுவா, நான் செய்வேன். அச்சுல ஊத்தி எடுத்த முகம் செத்த முகம்னு வகுப்புல சொல்லுவாளே, அதனால ஊத்த விடமாட்டா. அச்சைப் பார்த்துக் கையால செய்யுன்னுவா."

"இடம் வலம் மாறியிருக்கே ஐயா, நீங்க கவனிக்கலையா?" என்று கேட்டாள் மருமகள்.

பெரியவர் சிரித்தார். "கவனிக்காம? முதல் தலை அந்தக் குத்துச்சண்டைக்காரர். முடிச்சப்புறம் பார்க்கிறேன், காது மாறிப்போச்சு. வேற எந்தச் சிற்பியும் இப்படித் தப்புப் பண்ணமாட்டான், அச்சுக்காரன்தான் பண்ணுவான். அறுத்துப் போடலாம்னு கம்பியை எடுத்தேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'இருக்கட்டுங்க. என் பேரு அடியில இருக்கு. உங்க பேரு முகத்துலயே இருக்கட்டும்'னா. அப்புறம் மத்த எட்டையும் அப்படியேதான் செஞ்சேன்."

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாணவர்கள் வேலையில் நூலளவு தப்பு இருந்தாலும் கம்பியால் குறுக்கே அறுத்துவிட்டுப் போகிறவர் டீச்சர். மகளுடைய வீட்டுப்பாடத்தையே நாலு தடவை கிழித்து எழுத வைத்தவர். அப்பேர்ப்பட்டவர் பத்து வருடம் ஒரு தப்பைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்.

வாசலில் ஹாரன் அடித்தது. மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது.

கண்காட்சிப் பொறுப்பாளர் கையில் பத்திரத்தோடு வந்தார். மகள் எழுந்து போய் வாசலிலேயே நிறுத்தினாள். என்ன நடந்தது என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். பொறுப்பாளருக்கு வியர்த்துவிட்டது.

"இதைப் போய் வெளியில சொல்லுவீங்களா? டீச்சர் பேரு என்ன ஆகறது? வாய்ப்பேச்சுதானே, நாலு பேருக்குத் தெரிஞ்சதோட போகட்டும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

மகள் பத்திரத்தைக் கையில் வாங்கி ஒரு தடவை முழுக்கப் படித்தாள். அவளுக்கு அம்மாமேல் கோபம் வந்திருப்பது தெரிந்தது. அன்பு குறையாத கோபம்.

"முகத்துல பேரை வெச்சாங்களாம். யாருக்குப் புரியும் அது? ஊரே ஞானம்னு எழுதிட்டிருக்கு" என்றாள். "முப்பத்திரண்டு வருஷம் ஊரார் தப்பையெல்லாம் திருத்தினாங்க எங்கம்மா. அவங்க தப்பை நான் திருத்தறேன். ஒன்பது தலைக்கும் ரெண்டு பேரு போடுங்க. போடற வரைக்கும் எதுலயும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பத்தாவது இன்னும் முடியல. முடிச்சதும் எங்கப்பா சொல்லுவார்."

வண்டி காலியாகத் திரும்பியது. வழியனுப்புவதற்குக் கண்டக்டர் இரட்டை விசில் கொடுக்க வாயைக் குவித்தார். மருமகள் பார்த்த பார்வையில் விரித்துக்கொண்டார்.

விடைபெற்றுக்கொள்ள அவர்கள் பட்டறைக்குத் திரும்பியபோது, பெரியவர் தலைக்கு ஈரச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தார். மகள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இங்க இருக்கறப்ப உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அப்புறம் ஏன் தினமும் கூடத்துல உட்கார்ந்து அம்மா எங்கன்னு என்னைக் கேட்கறீங்க?"

பெரியவர் முடிச்சுப் போடுவதை நிறுத்தினார். "கேட்கிறேனா? அங்க இருக்கறப்ப எனக்கு ஒண்ணும் நிக்கறதில்ல பாப்பா. அவ பட்டறையில இருக்கான்னு நீ சொல்லுவே போலிருக்கு. நம்பித்தான் வருவேன். மூட்டையைத் தள்ளிட்டு உள்ள வந்து சாக்கைத் தொடுவேன். ஓரமெல்லாம் காஞ்சிருக்கும். அவ உயிரோட இருந்தா சாக்கைக் காய விடுவாளா? நாற்பது வருஷத்துல ஒருநாள் விட்டதில்ல. அப்போ தெரிஞ்சுபோகும்."

"என்ன தெரிஞ்சுபோகும்?"

"அவ செத்துட்டான்னு."

கண்டக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதம். ஒரே மனைவி. தினம் ஒரு சாவு. அதுவும் இந்த அறையில், பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லாமல்.

"தினமுமாப்பா?" என்றாள் மகள்.

"தினமும்தான். கொஞ்ச நேரம் அழுவேன். அப்புறம் தண்ணி தெளிச்சு வேலையை ஆரம்பிச்சுடுவேன். மண்ணு காத்திருக்குமே."

அப்பாவுக்குத் தெரியவே கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தவள் அவள். அந்தப் பொய்தான் அவரை தினமும் கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்து தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறது. மகள் சாக்கின் முனையை விடாமல் பிடித்தபடி அழுதாள். பெரியவருக்கு ஏன் அழுகிறாள் என்று பிடிபடவில்லை. கழுவாத கையால் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

மருமகள் கண்டக்டரின் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போகும்போது, பின்னால் மகள் குரல் கேட்டது.

"நாளைக்கு நான் கடையைத் திறக்கலப்பா. உங்ககூடவே வர்றேன்."

"எதுக்கு பாப்பா? எனக்கு வழி தெரியுமே."

"வழிக்கு இல்லப்பா. நீங்க சாக்கைத் தொடறப்ப, பக்கத்துல இருக்கறதுக்கு."